தைத்து வைத்த கடைசிப் பக்கங்கள்

அந்த மூன்று புத்தகங்களிலும் அம்மாக்கள் ஒரே மாதிரி இருந்தார்கள். முதல் அத்தியாயத்தில் சமையலறை ஜன்னல் வழியாகப் பையனைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். நடுவில் ஒரு தடவை, அவன் விளையாடிக் கிழித்துக்கொண்டு வந்த கால்சட்டையைத் தைப்பார்கள். கடைசிக்குச் சற்று முன்னால், பெரிய கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். நான் ஒவ்வொரு பக்கமாகத் தேடியிருக்கிறேன். வேறு எங்கும் அவர்கள் இல்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. அதில் பேர்பெற்றவர்களின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகங்கள் அவை. ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்த எங்களிடம் அவை வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் கணவரின் வேலை. அவர் சரக்குக் கப்பலில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். அந்தக் கப்பலில் நாலைந்து பயணிகளுக்கும் இடம் உண்டு. கொழும்பில் இறங்கிய ஒரு அமெரிக்கக் குடும்பம் அறையிலேயே புத்தகங்களை விட்டுப் போய்விட்டது. விலாசம் தெரியவில்லை என்று இவர் எடுத்து வந்தார். “நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே, வச்சுக்கோ” என்று கொடுத்தார்.

முதல் பக்கத்தில் ஒரு பையன் பென்சிலால் தன் பெயரையும் கீழே எட்டு வயது என்றும் எழுதியிருந்தான். கொழும்பில் பெட்டியைத் திறந்து அவன் எவ்வளவு தேடியிருப்பான் என்று நினைத்தால் எனக்கு உறுத்தும். ஒரு நாள் அந்தப் பெயரை ரப்பரால் அழிக்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டேன். பாதி அழித்தது முழுவதும் அழித்ததைவிட மோசமாகத் தெரிந்தது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. மழைக்காலத்தில் தொண்டை வலி என்று தொடங்கிற்று. நான் சுக்குக் கஷாயம் கொடுத்து நாலு நாள் கடத்திவிட்டேன். அந்த நாலு நாளை இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பிறகு முழங்கால் வீங்கியது. ஒரு காலில் வடிந்தால் மறு காலில் ஏறியது. ஆஸ்பத்திரி டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மூட்டுக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டிருக்கிறது, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, ஓடினால் ஆபத்து என்றார். ஊசியும் மாத்திரையும் அவர் பொறுப்பு, அசையாமல் வைத்திருப்பது என் பொறுப்பு.

வண்டியில் திரும்பி வரும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏழு வயதுப் பிள்ளையை மூன்று மாதம் எப்படிக் கட்டிலில் வைப்பது? கேட்க ஆளில்லை. கணவர் கடலில் இருந்தார். என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாத நிலைமை. எங்கள் சந்துப் பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் நான் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். “எங்க வச்சிருக்கிய” என்று நான் கேட்டதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காய்ச்சல் என்றதும் தங்கள் பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கம் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டேன். வெளியே பிள்ளைகள் பம்பரம் விடுவதைப் பார்த்து அவள் எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலை உள்சுவர்ப் பக்கம் மாற்றினேன். அங்கே அவள் அழுதாள். திரும்ப ஜன்னல் பக்கம் இழுத்தேன். தனியாக இழுத்ததில் தரையில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது.

அப்போதுதான் புத்தகங்களை எடுத்தேன். கதை சொன்னால் படுத்திருப்பாள். அதோடு, பள்ளிக்கூடம் போகாத மாதங்களில் இங்கிலீஷ் எழுத்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று சொற்களை எழுத்துக்கூட்டச் சொல்வேன். முதல் புத்தகத்தில் பையனின் நாய் செத்துப்போகிறது. அந்த இடத்தில் செத்துப்போவதற்கான இங்கிலீஷ் சொல்லை நானே சிலேட்டில் எழுதிப் படிக்கவைத்தேன். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

விளையாட்டு எனக்குப் பிடிபடவே இல்லை. மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது. ஆனால் கிரிக்கெட் இல்லை. அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். நான்கு மூலைகளையும் தொட்டுக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறான். அதற்கு இவ்வளவு கைதட்டலா? படத்தைப் பார்த்துப் பார்த்து என் மகள்தான் கண்டுபிடித்தாள். போர்வையில் பெரிய கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்தை மைதானம் என்றாள். புளியங்கொட்டைகள் ஆட்டக்காரர்கள், ஈர்க்குச்சி மட்டை, சுருட்டிய நூல் பந்து. காலை நீட்டிப் படுத்தபடியே விரலால் கொட்டைகளை ஓடவிட்டாள். அவள் ஓடாமல் கொட்டை ஓடியது. அந்த வாரம்தான் நான் முதல் தடவையாகச் சரியாகச் சாப்பிட்டேன்.

எங்கள் வீட்டுக்குத் தயங்காமல் வந்தவள் மீன்காரப் பெண் ஒருத்திதான். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். கூடையை வாசலில் இறக்கிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்து கதை கேட்பாள். என்னை ‘இங்கிலீசம்மா’ என்று கூப்பிடுவாள்.

“இன்னா இங்கிலீசம்மா, அட்ச்சிட்டு ஓடறானே, எதுக்கு ஓடறான்? போலீசு தொர்த்துதா?”

“இல்லக்கா, நாலு மூலையும் தொட்டுட்டு வரணும்” என்பாள் என் மகள்.

“தொட்டுட்டு?”

“மொதல்ல நின்ன எடத்துக்கே வந்துடணும்.”

“த்தோடா! இதுக்கு அவன் அங்கயே நின்னுகினு இருந்திருக்கலாமே. கால் வலியாவது மிச்சம்.”

என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பதும் இதயத்துக்கு ஆகாதோ என்று எனக்குச் சந்தேகம் வரும். டாக்டரிடம் கேட்க நினைத்து, கேட்டால் சிரிப்பாரோ என்று கேட்காமல் வந்திருக்கிறேன். இன்னொரு கவலையும் இருந்தது. “இன்னாம்மா”, “அப்பால” என்று பிள்ளையின் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. அவள் அப்பா வந்து கேட்டால் என்ன நினைப்பார்? ஆனால் அவள் சிரிக்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு புத்தகங்கள் முடிந்தன. மூன்றாவதைப் புரட்டியபோது இரண்டாம் அத்தியாயத்திலேயே என் கண் நின்றது. செருப்புத் தைப்பவரின் மகன். எட்டு வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சல். ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்து, ஜன்னல் வழியாக மற்றப் பையன்கள் விளையாடுவதைப் பார்க்கிறான். அடுத்த கோடையில் எழுந்து ஓடுகிறான். பிறகு அந்த ஊரில் அவனைப்போல் ஓடியவர் இல்லை. எங்களுக்கென்றே அனுப்பியது என்று நினைத்தேன். மேலே படிக்காமல் அன்றைக்கே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

என் தப்பு அதுதான். பிள்ளைக்குச் சொல்லப்போகும் கதையைக் கடைசிவரை படித்துவிட்டல்லவா தொடங்கவேண்டும்.

“இது நாந்தானம்மா” என்றாள் அவள். ஒவ்வொரு நாளும் கேட்பாள்: “அவரு எத்தன நாள் படுத்திருந்தாரு? நான் எத்தன நாள் ஆச்சு?” அவர் எழுந்து நடந்த அத்தியாயத்தை மூன்று தடவை சொல்லவைத்தாள். அவருடைய அம்மாவை நான் இரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகும் கதையை விட்டுப் போகவிடவில்லை. புத்தகத்தில் இல்லாவிட்டாலும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னாள். அமெரிக்காவில் கஞ்சி உண்டா என்று என் மகள் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், அவள் தூங்கும்போது, மீதிப் பக்கங்களைப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவருக்கு முப்பத்துநான்கு வயது. சின்ன வயதுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு பழுதை விட்டுப் போயிருந்ததாம். மைதானத்தில் நின்று எல்லாரிடமும் விடைபெறுகிறார். அடுத்த பக்கத்தில் இறந்துபோகிறார். கடைசிப் படம் ஆளில்லாத மைதானம். குழந்தைகளுக்கு எழுதும் புத்தகத்தில் இதை எழுத அவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று ஆத்திரப்பட்டேன். பிறகு, உண்மையை எழுதாமல் வேறு எதை எழுதுவார்கள் என்றும் தோன்றியது.

தெருவில் துறைமுகத்துக் கரி லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கங்களைக் கிழிக்கலாம். ஆனால் அது வேறொரு பிள்ளையின் புத்தகம். ஏற்கெனவே அவன் பெயரைப் பாதி அழித்திருக்கிறேன். ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, கடைசி நான்கு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து ஓரத்தில் தைத்துவிட்டேன். கவுனுக்குத் தைப்பதைப்போல் சின்னச் சின்னத் தையல்.

மறுநாள் கதையை முடித்தேன். அவர் மைதானத்தின் நடுவில் நின்றார், தொப்பியைக் கழற்றினார், எல்லாரையும் கும்பிட்டு “போயிட்டு வாரேன்” என்றார். நோயில்லாத வீட்டிலேயே நாங்கள் போகிறேன் என்று சொல்லமாட்டோம். நோயாளிப் பிள்ளைக்கு முன்னால் எந்த வாயால் சொல்வேன்?

“எங்க போனாரு?”

“ஊருக்கு.”

“எப்ப வருவாரு?”

“வருவாரு.”

அவள் யோசித்தாள். “அப்பாவும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் இதே கேள்வி. அவர் வந்தாரா? வந்து திரும்ப விளையாடுகிற புத்தகம் எங்கே? அதை அப்பா கொண்டுவருவாரா? தைத்த பக்கங்களைத் தடவிப் பார்த்து, “இது ஏன் தச்சிருக்கு?” என்றாள். பைண்டிங் விட்டுப்போயிற்று என்றேன். நான் ஜெபம் பண்ணும்போது பொய்யை மன்னிக்கச் சொல்லிக் கேட்பேன். கேட்டுவிட்டு மறுநாளும் அதே பொய்யைச் சொல்வேன்.

கணவரிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தேன். நச்சரிப்பாகத் தோன்றியிருக்குமோ என்று நினைத்தேன். வாரத்தில் இரண்டு நாள் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நடந்துபோய்ச் செய்தி கேட்டு வருவேன். அந்த நேரம் மீன்காரப் பெண் என் மகளுடன் உட்கார்ந்திருப்பாள். கையில் ஏதாவது வலைக் கிழிசலை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள்.

“போய்ப் போய்க் கேக்காதேம்மா” என்றாள் ஒரு நாள். “எங்க ஆளு கடலுக்குப் போறச்சே எப்போ வருவேன்னு நான் கேக்கவே மாட்டேன். கேட்டா கடலுக்குக் காதுல வியுந்துடும்.”

“அப்ப எப்படி இருக்கீங்க?”

“இன்னா பண்றது? கொயம்பு வெச்சிகினு இருப்பேன்.”

ஒரு நாள் ஆபீசிலிருந்து திரும்பியபோது என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அன்றிலிருந்து அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். புளியங்கொட்டைகளை எடுக்கவில்லை. கட்டிலை விட்டு இறங்க அடம்பிடிக்கவும் இல்லை. நான் வேண்டிக்கொண்ட அமைதிதான். வந்ததும் பயமாக இருந்தது. வெளுத்துவிட்டாளோ, மூச்சு வாங்குகிறதோ என்று விளக்கை ஏற்றி முகத்தைப் பார்ப்பேன்.

நான் ஜன்னலில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலை அவளாகவே பேசினாள்.

“அவரு வந்துடுவாரும்மா.”

“யாரு?”

“கதையில வர்றவரு. தூரம்ல. கப்பல்லதான வரணும்? அதான் நேரமாவுது.”

என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள். நான் சொன்ன கதையை நம்புகிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் கரித்தூள் தினமும் படியும். அதைத் துடைக்கத்தான் இரண்டு நாள் கழித்து அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். தைத்த பக்கங்கள் தைத்தபடி இருந்தன. ஆனால் நூல் வெள்ளை இல்லை. சாயமேற்றிய பழுப்பு நூல், தடிப்பாக. என் சின்னத் தையல்கள் போன துளைகளைத் தாண்டி, பெரிய பெரிய தையல்கள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை நான் மாதக்கணக்காக என் வீட்டு நிலைப்படியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வலை பின்னுகிறவர்களின் முடிச்சு.

மீன்காரப் பெண் வந்ததும் வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனேன். புத்தகத்தைக் காட்டினேன். அவள் கூடையை இறக்காமலே நின்றாள்.

“எனக்கு இன்னாம்மா இங்கிலீசு தெரியும்? பாப்பாதான் நூலப் பிரிச்சிது. எயுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சிது. ஒரு எடத்துல நின்னுடுச்சி. ‘அக்கா, இந்த வார்த்த எனக்குத் தெரியும், நாய் கதைல வந்துது’ன்னுச்சி.”

நான் புத்தகத்தை மூடினேன்.

“அழுதாளா?”

“அயுவுல. சொவத்தப் பாத்துகினு இருந்துச்சி. அப்பால, ‘அம்மா வர்றதுக்குள்ள தெச்சி வெச்சிடணும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா அயுவாங்க’ன்னுச்சி. வெள்ள நூலு கீதான்னு கேட்டுச்சி. எங்கிட்ட ஏதும்மா வெள்ள நூலு?” கூடையைச் சரிசெய்துகொண்டாள். “கோவமாம்மா?”

கோபம்தான் என்று நினைக்கிறேன். யார்மேல் என்று தெரியவில்லை. பத்து நாளாக, செத்துப்போவோமோ என்ற பயத்தை அந்தப் பிள்ளை தனியாக வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் மூன்றடி தூரத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். “உள்ள வாங்க, காப்பி போடறேன்” என்று மட்டும் சொன்னேன்.

என் மகளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று மத்தியானம் அவள் பக்கத்தில் படுத்து, வேறொரு விஷயம் சொல்வதைப்போல, டாக்டர் கொடுக்கும் ஊசி இப்போதுதான் வந்திருக்கிறது, முன் காலத்தில் இதெல்லாம் கிடையாது, அமெரிக்காவிலும் கிடையாது என்றேன். அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, “செருப்புத் தைக்கிறவங்க மகனுக்கும் போட்டிருக்க மாட்டாங்களா?” என்றாள். “இல்ல, அப்ப அந்த ஊசியே இல்ல” என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கை மரத்துப்போகும்வரை எடுக்காமல் இருந்தேன்.

கணவரின் கடிதம் அடுத்த வாரம் வந்தது. இயந்திரப் பழுதால் கப்பல் ரங்கூனில் நின்றுவிட்டதாம். பங்குனியில் வந்து ஒன்பது நாள் இருந்தார். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இது என்ன பழுப்பு நூல் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் மகள், “பைண்டிங் விட்டுப்போச்சுப்பா” என்றாள். என் வாக்கியம், என் குரலிலேயே. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் கணவர் வருவதற்கு முன்பே, டாக்டரைப் பார்க்கவேண்டிய நாள் வந்துவிட்டது. மூன்று மாதமும் ஒரு வாரமும் முடிந்திருந்தன. அவர் குழாயை வைத்துக் கேட்டார். இதயத்தில் சின்னச் சத்தம் ஒன்று இருக்கிறது, நாளாக ஆக மறையலாம், மறையாமலும் இருக்கலாம், ஊசியை மட்டும் விடக் கூடாது என்றார். இனி வீட்டுக்குள் நடக்கட்டும், ஓட்டத்தைப் பிறகு பார்க்கலாம். மறையுமா என்று நான் திரும்பக் கேட்டேன். அவரும் திரும்ப அதையேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டாள். கால்கள் குச்சியாக இருந்தன. எழுந்து நின்றாள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன், அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சுவரைப் பிடித்தபடி போய் அரிசி டின்னைத் தொட்டாள். அங்கிருந்து நிலைப்படி. அங்கே மீன்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். “வா கண்ணு வா, யாரும் தொர்த்தல, மெள்ள வா” என்றாள். நிலைப்படியிலிருந்து ஜன்னல். வெளியே பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மீன்காரப் பெண் கை தட்டினாள். கவுனுக்குள் என் மகளின் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் போர்வையை மடிக்கிற சாக்கில் அருகே போய், அவளுக்குத் தெரியாமல் அந்த மூச்சுகளை எண்ணத் தொடங்கினேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் எண்ணி முடிக்கும்வரை அசையாமல் இருந்தாள்.